பழகாத ஏரியில் தூண்டில் மேட்ச்: முதல் 45 நிமிடத்துக்குப் பிறகு தக்கை ஆடுகிறது, மீன் ஏறுவதில்லை

நீர்க்கோழி:
வணக்கம். வாற ஞாயிறு இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வெளியே ஒரு கட்டண ஏரியில் மீன்பிடி மேட்ச். அந்த ஏரியைக் கண்ணாலும் பார்த்ததில்லை. 24 பெக் (ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த கரை இடம்), காலை 10 முதல் 3 மணி வரை, போல் (ரீல் இல்லாத நீளத் தூண்டில் கம்பு) 13 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எஃப்1 (கலப்பினக் கெண்டை), கெண்டை, ரோச், கொஞ்சம் பிரீம் இருக்கிறதாம். ஆழம் சுமார் 5 அடி.

பழகாத இடங்களில் ஒரே பிரச்சினைதான் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் 45 நிமிடம் எஃப்1 ஒழுங்காக ஏறும். பிறகு தக்கை ஆடும், பாதி முங்கும், சுண்டினால் வெறும் முள். சிலவேளை முள்ளில் ஒரு செதில் மட்டும் வரும். மாட்டினாலும் பக்கவாட்டில் மாட்டி, போலுக்குள் ஓடும் எலாஸ்டிக் ரப்பரை நீளமாக இழுத்துக்கொண்டு போய்க் கழன்றுவிடும்.

செட்-அப்: 4x14 அளவுத் தக்கை, மெயின் தங்கூசி 0.16 மி.மீ., முள்பக்கம் 0.12, 18ஆம் நம்பர் முள், இரை 4 மி.மீ. எக்ஸ்பாண்டர் (ஊறவைத்த மெத்தென்ற பெல்லட், அதாவது தீனிக் குருணை). ஈயத்தைச் சட்டைப் பொத்தான் மாதிரி மேலிருந்து கீழ்வரை பரப்பியிருக்கிறேன். தொடக்கத்தில் 250 மி.லி. கப் நிறைய 4 மி.மீ. பெல்லட், பிறகு கவணால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கை. முள்ளை மாற்ற வேண்டுமா, எலாஸ்டிக்கை மாற்ற வேண்டுமா?

தங்கூசி:
இரண்டையும் விடுங்க. முள்ளில் தப்பில்லை, தீனி போடும் விதத்தில்தான் தப்பு. நீங்க சொல்ற செதில் ஒன்றே போதும்: அது கொத்து இல்லை, உரசல். மீன் தரையில் இல்லை, இடைநீரில் நிற்கிறது. அதன் உடம்பு தங்கூசியில் படும்போது தக்கை ஆடுகிறது. நீங்க சுண்டுறீங்க, முள் விலாவில் ஏறுகிறது.

மீன் மேலே வந்ததற்குக் காரணம் உங்க கவண். 5 அடித் தண்ணீரில் பெல்லட்டுகள் பரவலாக விழுந்து மெதுவாக இறங்கும்போது எஃப்1 அதைத் தரைக்கு வரவிடாது, பாதி வழியிலேயே வந்து வாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே பாடத்தை நீங்களே சொல்லித் தர்றீங்க. சத்தம் கேட்டதும் மேலே வரப் பழகிவிடும்.

மாற்ற வேண்டியவை:

கவண் வேண்டாம். கிண்டர் பாட் என்று சொல்லும் நுனிக் கிண்ணத்தை, போலின் நுனிப் பகுதியான டாப் கிட்டில் மாட்டி, ஒவ்வொரு முறையும் 10, 15 பெல்லட் மட்டும் தக்கைக்கு நேர் மேலே கொட்டுங்க. முதல் கப்பும் முழுசாக வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஊறவைத்த 2 மி.மீ. மைக்ரோ. தண்ணீர் மூட ஊற்றி இரண்டு நிமிடத்தில் வடித்துவிட்டு, இருபது நிமிடம் மூடி வையுங்க. லேசாகப் பிசைந்தால் உருண்டையாகும் பக்குவத்தில் இருந்தால், கப்பிலிருந்து ஒரே கட்டியாக இறங்கித் தரையில் உடையும்.

ஈயத்தைப் பரப்பாதீங்க. கொத்தாகச் சேர்த்து முள்ளிலிருந்து 30 செ.மீ. மேலே வையுங்க. அதற்குக் கீழே 11ஆம் நம்பர் ஈயம் இரண்டு, அவ்வளவுதான். பரப்பிய ஈயத்தில் இரை மெதுவாக இறங்கும், இடைநீரில் நிற்கும் மீன்களுக்கு நடுவே நீண்ட நேரம் இருக்கும். கொத்து ஈயம் அதைச் சட்டென்று கடத்திவிடும்.

தக்கை நுனி ஒரு புள்ளி அளவுக்கு மட்டும் வெளியே தெரியட்டும். ஆட்டத்துக்கெல்லாம் சுண்டாதீங்க. முழுசாக முங்கினால் மட்டும் தூக்குங்க, அதுவும் சின்னத் தூக்கல்.

எலாஸ்டிக் பற்றிச் சொல்லவில்லையே, எத்தனை?

நீர்க்கோழி:
14ஆம் நம்பர், ஹாலோ (உள்ளே வெற்றாக இருப்பது). புல்லர் இல்லை.

தங்கூசி:
0.12க்கு 14 கொஞ்சம் முரடு. எஃப்1க்கு 8 அல்லது 10 ஹாலோ, கட்டாயம் புல்லர் கிட்டோடு. மெல்லிய எலாஸ்டிக்கில் மீன் முதலில் ஓடட்டும், கரைக்கு அருகில் வந்ததும் புல்லரால் இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். 14ஐக் கரையோரக் கெண்டைக்கு வைத்துக்கொள்ளுங்க, அங்கே தங்கூசி 0.20, முள்பக்கம் 0.16, முள் 16.

நீர்க்காகம்:
தங்கூசி அண்ணை சொன்னது சரி, ஆனால் பாதிதான். தம்பி, 13 மீட்டரில் எத்தனை இடத்தில் ஆழம் பார்த்தனீர்?

நீர்க்கோழி:
தக்கை வைக்கிற இடத்தில் ஒருமுறை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு தொடங்கிவிடுவேன். ஆனால் போன முறை கொஞ்சம் இடப்பக்கம் வைத்தபோது தக்கை முழுக்க முங்கிவிட்டது, அங்கே அரை அடி கூட ஆழம்.

நீர்க்காகம்:
அதுதான் விஷயம். ஒரு மீட்டருக்குள்ளே அரை அடி வித்தியாசம் என்றால் நீர் தீனி போட்டது சரிவில். போட்டதெல்லாம் உருண்டு பள்ளத்துக்குப் போயிருக்கும், மீனும் பின்னாலே போயிருக்கும். உம்முடைய இரை மட்டும் மேலே தனியாக நிற்கும். உரசலும் இதுவும் சேர்ந்தால் நீர் சொல்கிற கதை அப்படியே வரும்.

பழகாத ஏரியில் விசிலுக்கு முன்னே 20 நிமிடத்தை ஆழம் பார்க்க மட்டும் ஒதுக்கும். 20 கிராமுக்குக் குறையாத பிளம்மட் (ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு) போடும், சின்னது காற்றில் நேராக நிற்காது. போல் நுனியை தக்கைக்கு நேர் மேலே பிடித்து, பிளம்மட் தரையில் நிற்க தக்கை நுனி தண்ணீர் மட்டத்தில் வந்தால் அதுதான் சரியான ஆழம். பிறகு அரை மீட்டர் முன்னே, பின்னே, இடம், வலம் என்று நகர்த்திப் பாரும். நாலு பக்கமும் ஓர் அங்குலத்துக்குள் ஒத்திருந்தால் அங்கே இரும். இல்லாவிட்டால் 13 மீட்டரைப் பிடித்துத் தொங்கத் தேவையில்லை, 11.5இல் சமதரை கிடைத்தால் அது மேல்.

பிளம்மட்டைத் தூக்கும்போது கையில் வருகிற உணர்வையும் கவனியும். ஒட்டிப் பிடித்தால் சேறு, தட்டிக்கொண்டு எழும்பினால் கெட்டித் தரை. சேற்றில் பெல்லட் புதையும், மீனும் கிளறிக் கலக்கும். கெட்டித் தரையைத் தேடும்.

கிடைத்த ஆழத்தை டாப் கிட்டில் வெள்ளைத் திருத்தி மையால் குறித்துவிடும். தக்கை நகர்ந்தாலும் திரும்ப அளக்கத் தேவையில்லை. எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாக வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒரு மணிக்குப் பிறகு தீனி ஒரு பக்கம், தக்கை ஒரு பக்கம்.

இப்படி மூன்று இடம் தேடும்: 5 மீட்டரில் ஒன்று, தூரத்தில் ஒன்று, கரையோரத்தில் 18 முதல் 24 அங்குல ஆழத்தில் ஒன்று.

பெக்பெட்டி:
ஆழத்துக்கும் முன்னால் விதித்தாள். தெரியாத ஏரியில் தோற்பது மீனிடம் இல்லை, விதியிடம். பல கட்டண ஏரிகளில் அந்த ஏரி விற்கும் பெல்லட் மட்டும்தான் செல்லும், அப்படியானால் வீட்டில் ஊறவைத்துக்கொண்டு போனது வீண். முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். முள்ளில் கொக்கிப் பல் இருக்கக் கூடாது. பிடித்த மீனைப் போட்டு வைக்கும் கீப்நெட்டைக் கிருமிநீக்கத் தொட்டியில் நனைக்க வேண்டுமா, ஏரியே தருமா, கெண்டையும் சில்வர்ஸும் (ரோச், பிரீம் போன்றவை) தனித்தனி வலையிலா என்று கேளுங்கள். ஒரு வலைக்கு எவ்வளவு எடை வரம்பு என்பது முக்கியம். 50 பவுண்டு வரம்பு என்றால் 58 பவுண்டு போட்டாலும் கணக்கு 50தான். ஒவ்வொரு வலைக்கும் ஒரு கிளிக்கர் (அழுத்தி எண்ணும் கருவி) வைத்து, மீன் எடையைக் கொஞ்சம் கூட்டியே எண்ணி, 40ஐத் தாண்டியதும் அடுத்த வலைக்கு மாறுங்கள்.

ராட் லைசென்ஸ் (தூண்டில் உரிமம்) எல்லாரிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையான தடை ஆறுகளுக்கு உண்டு, இந்த மாதிரி ஏரிகள் பெரும்பாலும் அதில் வராது.

இன்னொன்று, பெக் எடுத்ததும் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி 30 மீட்டருக்குள் இருந்தால் போலை இணைக்காதீர்கள், வேறு பெக் கேளுங்கள். போல் கார்பன், மின்சாரம் கடத்தும்.

போன வாரம் எத்தனை பவுண்டில் வென்றார்கள் என்றும் விசாரியுங்கள். 100க்கு மேல் என்றால் கெண்டையைத் துரத்த வேண்டும். 30, 40 என்றால் எஃப்1உம் ரோச்சும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டிய நாள்.

நீர்க்கோழி:
நன்றி அண்ணை மூன்று பேருக்கும். ஐந்து மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

நீர்க்காகம்:
விசில் அடித்ததும் தூர இடத்தில் சின்னக் கப் மைக்ரோ போட்டுவிட்டு, அதைத் தொடாமல் 5 மீட்டரில் மாகட்டோடு (ஈப்புழு) இரும். சிட்டிகை சிட்டிகையாக மாகட் போட்டால் ரோச்சும் சின்ன எஃப்1உம் வரும். 40 நிமிடம் கழித்துத் தூரம். கொத்து குறைந்தால் அங்கே இன்னும் கொட்டாமல், திரும்ப 5 மீட்டருக்கு வந்து அதற்கு ஓய்வு கொடும். 1 மணியிலிருந்து கரையோரத்தில் சோளமும் செத்த மாகட்டும் கப்பால் போடத் தொடங்கும், ஆனால் 1.45 வரை முள் போடாதேயும்.

தங்கூசி:
கரையோரத்தில் மட்டும் தாராளமாகப் போடலாம், அரைக் கப் அரைக் கப்பாக. ஆழம் கம்மி, மீன் எழும்பி நிற்க இடமில்லை, தலையைக் கீழே போட்டுத்தான் ஆகணும். வால் சுழல் தெரிந்தால் மீன் வந்தாச்சு.

எவ்வளவு செய்தும் தூர இடத்தில் உரசல் நிற்கவில்லையென்றால் மீனோடு சண்டை வேண்டாம். 2 அடி ஆழத்துக்கு இன்னொரு கிட் தயாராக இருக்கட்டும், 4x10 தக்கை, 4 மி.மீ. கெட்டிப் பெல்லட்டை பேண்டில் (முள்ளோடு சேர்ந்த சின்ன ரப்பர் வளையத்தில்). அப்போது கவணை வெளியே எடுங்க, ஒரு தடவைக்கு ஆறேழு பெல்லட், அடிக்கடி.

நீர்க்கோழி:
கரையோரம் முழுக்க நாணல் என்றால்?

நீர்க்காகம்:
நாணலுக்குள்ளே போடாதேயும், மாட்டினால் எடுக்க ஏலாது. நாணல் விளிம்பிலிருந்து ஓர் அடி வெளியே அளந்து பாரும். அங்கே 3 அடிக்கு மேல் ஆழமென்றால் கரையோரத்தை விட்டுவிட்டு, பக்கத்து பெக் காலியாக இருந்தால் அதன் மேடைப் பக்கமாகப் போலை நீட்டிப் பாரும். அதற்கு விதி விடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளும்.