குளோன்: ‘நகலி’ வேண்டாம், ‘போத்துவழி’ ஆகுமா?

குழுவினருக்கு வணக்கம்.

பரிணாமப் பாடத்துக்கான சொற்பட்டியலில் குளோன் (clone: பாலினச் சேர்க்கையின்றி ஒரே உயிரிலிருந்து பெருகி, ஒரே மரபமைப்பைப் பகிரும் உயிர்கள்) என்பதற்கு ‘நகலி’ என்றே வைத்துவிடலாம், நாளிதழ்களில் பழகிய சொல்தானே என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நகல் என்றால் மூலம் என ஒன்று இருக்க வேண்டும். அதிலிருந்து நகல் இம்மியும் பிசகக் கூடாது. குளோனுக்கு இவ்விரண்டுமே பொருந்தவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘பாண்டோ’ என்ற ஆஸ்பென் காடு இருக்கிறது. ஏறத்தாழ 43 ஹெக்டேரில் சுமார் 47,000 மரங்கள். அத்தனையும் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளம்பியவை. இவற்றுள் எது மூலம், எது நகல்? கேள்விக்கே இடமில்லை. அந்தக் கூட்டம் முழுவதும்தான் குளோன்.

பிசகாமையைப் பார்ப்போம். பக்கக்கன்று பெயர்த்து நட்ட செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது ஒரு மரம் பச்சைத் தார் தள்ளும். தண்டிலும் இலைக்காம்பிலும் இருக்கும் செம்மையும் மங்கிவிடும். விதையும் இல்லை, மகரந்தச் சேர்க்கையும் இல்லை. உடல் செல் ஒன்றில் நேர்ந்த சடுதிமாற்றம் (மரபுப்பொருளில் திடீரென ஏற்படும் மாற்றம்) கன்று வழியாகத் தொடர்கிறது. அந்தக் கன்றைப் பிடிப்பதா, கழிப்பதா என்று விவசாயி முடிவெடுக்கும்போது அங்கே தேர்வும் நடந்துவிடுகிறது. ‘நகல்’ என்று கற்பித்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே நகல்களுக்குள் மாறுபாடு என்று எழுதினால் மாணவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

இத்தகைய மாற்றம் அரிது என்பதும் உண்மை. குரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்திய அமெரிக்க ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய துடைத்தே எடுத்தது. ஒரே மரபமைப்பு என்பதால் ஒன்றை வீழ்த்திய பூஞ்சை எல்லாவற்றையும் வீழ்த்தியது.

1903இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெப்பர் ‘குளோன்’ என்ற சொல்லை முன்மொழிந்தது, பதியம், கிழங்கு, ஒட்டு முதலியவற்றால் பெருகும் தாவரங்களுக்காகத்தான். கிரேக்கத்தில் அதன் பொருள் இளங்கிளை. முருங்கையையும் பூவரசையும் நட வெட்டும் கிளைக்கு நம்மிடம் ‘போத்து’ என்ற சொல் உயிரோடு இருக்கிறது. எனவே குளோனுக்கு ‘போத்துவழி’ என்று முன்மொழிகிறேன். ‘போத்தினம்’ என்றும் யோசித்தேன். உயிரின வகைப்பாட்டில் வரும் சிற்றினம், பேரினம் என்பவற்றோடு மோதும்.

தொல்காப்பியத்தின் ‘மரபியல்’ என்ற இயலில் போத்து ஆண்பாற்பெயர் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘வழி’ சேர்ந்ததும் அந்த மயக்கம் நீங்கிவிடும். ஆய்வகத்தில் குளோன் முறையில் உருவாக்கிய டோலி என்ற செம்மறியாட்டைப் போத்துவழி ஆடு என்பது ஒட்டவில்லை என்ற மறுப்புக்கு வலு இருக்கிறது. ஆனால் 1996இல் பிறந்த அந்த ஆட்டுக்கு ஆங்கிலத்திலும் தோட்டக்காரரின் சொல்லே போய்ச் சேர்ந்தது. நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

ஆங்கிலத்தில் ‘குளோனிங்’ என்றே சொல்லப்படும், டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் ஆய்வகப் பணிக்குப் ‘படியாக்கம்’ இருக்கட்டும். அங்கே மூலமும் படியும் உண்மையிலேயே உண்டு.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “ஒரே போத்துவழியைச் சேர்ந்த மரங்களிலும் சடுதிமாற்றத்தால் மாறுபாடு தோன்றலாம்.” எனக்கு உறுத்தவில்லை. திசு வளர்ப்பில் தோன்றும் மாறுபாட்டுக்குப் ‘போத்துவழி மாறுபாடு’ போதுமா, ‘வளர்ப்பு’ என்றும் சேர்க்க வேண்டுமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் வேலிக்கு நடும் கிளையை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.