இரவில் கோட்டைக்கு வெளிச்சம் போட்டால் புளியந்தீவுக்குச் சனம் வருமா?

வாவிக்கரை:
இரவு எட்டு மணி தாண்டினால் நம்மட மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கும், பிறகு வீதியில் நாய்தான் நிற்கும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், 1924இல் கட்டின கல்லடிப் பழைய பாலம், இதுகளுக்கு ஒழுங்காக ஒளியூட்டினால் நகரம் இரவிலும் உயிரோடு இருக்காதா? இல்லை, கரண்ட் பில் மட்டும்தான் ஏறுமா?

விளக்கீடு:
ஏறாமல் செய்யலாம் தம்பி. பிரான்சின் லியோன் நகரம் 1989இல் கட்டடங்கள், பாலங்கள், ஆற்றங்கரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒளியூட்டல் திட்டம் போட்டது. ஆனால் அங்கே 1852இலிருந்தே டிசம்பர் 8ஆம் திகதி வீட்டு யன்னல்களில் விளக்கேற்றுகிற வழக்கம் இருந்தது, நம்மட கார்த்திகை விளக்கீடு மாதிரி. இப்போது அந்த நாட்களில் இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. நாமும் விளக்கீட்டு நாளில் கோட்டையில் தொடங்கினால் சனம் தன்ர விசயமென்று நினைக்கும்.

வயரிங் வேலை:
பொருத்துகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கு. தூரத்தில் பெரிய ஃப்ளட்லைட்டை நட்டு நேராக அடித்தால் மதில் வெள்ளைத் துணி மாதிரித் தட்டையாகத் தெரியும். சின்ன எல்இடி விளக்கை மதிலின் அடியிலேயே வைத்து, வெளிச்சத்தை மதிலை உரசினபடி மேல்நோக்கி விட்டால், ஒவ்வொரு கல்லுக்கும் மேலே நிழல் விழுந்து அதன் பழமை அப்படியே எழும்பி வரும். வெளிச்சத்தின் நிறம் 3000 கெல்வினுக்கு மேலே போகக்கூடாது (அந்த எண் கூடக்கூட மஞ்சள் குறைந்து நீலம் ஏறும்), நீல வெளிச்சம் அந்தக் கல்லுக்குச் சரிவராது. உப்புக்காற்று என்றபடியால் ஐபி 66, அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்கிற தரம், இல்லாத விளக்குப் பெட்டி வாங்கவே வேண்டாம், உப்பும் தண்ணீரும் உள்ளே போய்விடும். நள்ளிரவில் தானாக அணைகிற டைமர் கட்டாயம்.

ஊறணி அக்கா:
கோட்டை சரி, பாலத்தை விட்டுவிடுங்கோ. நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்து, வாவிக்குள்ளிருந்து வருகிற பாடும் மீன் சத்தத்தைக் கேட்கிற இடம் அது, அங்கே கலர் லைட் எதற்கு? அதைவிட முக்கியம், கோட்டையைப் பார்த்துவிட்டுப் பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைகளில் விளக்கு எரிய வேணும், கடைசி பஸ் ஒன்பதரைக்காவது இருக்க வேணும். இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் வரமாட்டோம்.

வாவிக்கரை:
அக்கா சொல்வது நியாயம், பாலத்தை எடுத்துவிட்டேன். அப்போ கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வீதி, இவ்வளவும் முதலில். அந்த வீதியில் கொத்துரொட்டிக் கடையும் தேத்தண்ணிக் கடையும் பத்து மணிவரை திறந்திருக்கச் சம்மதிப்பார்களா என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். வயரிங் அண்ணே, எத்தனை விளக்கு தேவைப்படும் என்று ஒரு கணக்குப் போட்டுத் தர முடியுமா?