பயிற்றுநரா, ஆசானா: படை விமானம் ஓட்டக் கற்றுத்தருபவரை எப்படி அழைப்பது?

அன்புள்ள குழுவினருக்கு,

மேல்நிலை மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டி ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். யார் சேரலாம், சேர்ந்த பிறகு என்னென்ன பொறுப்பு, அவ்வளவுதான். இரண்டு நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன். விமானப்படையில் 'ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்' பற்றிய பக்கம் அது. திங்கள் காலை அச்சுக்குப் போகிறது.

முதலில் யோசிக்காமல் 'விமானப் பயிற்சியாளர்' என்று போட்டுவிட்டேன். கற்க வருபவரையும் முந்தைய பக்கங்களில் 'பயிற்சியாளர்' என்றே எழுதியிருக்கிறேன். இரண்டு வழக்கும் நாட்டில் இருக்கிறது. கடைசியில் வந்து நின்ற வாக்கியம் இது: "பயிற்சியாளர் தவறு செய்தால், பயிற்சியாளர் உடனே விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்." யார் கையிலிருந்து யார் எடுப்பது? படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்?

இரண்டு பேருக்கும் இரண்டு சொல் வேண்டும். உதவுங்கள்.

———

அம்மா,

குழப்பம் 'ஆளர்' விகுதியில் இருக்கிறது. கொடையாளர் கொடை தருகிறார். விருதாளர் விருது பெறுகிறார். தருவதா பெறுவதா என்பதை அந்த விகுதி காட்டாது. பயிற்சியாளருக்கும் அதே கதிதான்.

வழி நம் வினையிலேயே இருக்கிறது. பயில் தன்வினை, பயிற்று பிறவினை. அகல் – அகற்று, சுழல் – சுழற்று என்பது போல. பயிற்றுபவர் பயிற்றுநர். றன்னகரம் போட்டு 'பயிற்றுனர்' என்று எழுதிவிடாதீர்கள். பொருநர், மகிழ்நர், பெறுநர் எல்லாவற்றிலும் தந்நகரம்தான். ஓட்டுனர், இயக்குனர் என்று எழுதி எழுதிக் கண் பழகிவிட்டதால் பிழை சரியாகிவிடாது.

ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை. படைக்கலம் கற்றுத்தருபவருக்கு நம்மிடம் 'ஆசான்' இருக்கிறது. சிலம்பத்துக்கு ஆசான், களரிக்கு ஆசான். ஆசு என்றால் பற்றுக்கோடு. பொற்கொல்லர் இரண்டு துண்டைச் சேர்க்க வைக்கும் பொடிக்குப் பற்றாசு என்று பெயர். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லோடு இசைக்கச் சேர்க்கும் அசையும் ஆசுதான். மாணவனோடு ஒட்டி நின்று பிடித்துக்கொள்பவன் ஆசான்.

அடுத்து விமானி. தேர் ஓட்டுபவன் வலவன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. வானத்து ஊர்தியையும் வலவனையும் அந்த ஒரு தொடர் சேர்த்துக் காட்டிவிட்டது. ஆகவே வலவன் + ஆசான் = வலவாசான். ஓசையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. ஆராயுங்கள்.

———

ஐயா, வணக்கம்.

இலக்கணப் பகுதி முழுதும் சரி. பயிற்றுநர் என்பதற்கு என் வாக்கு. வலவாசானுக்கு இல்லை, மன்னிக்கவும்.

முதலாவது, ஆசான், ஆசிரியர் இரண்டும் 'ஆசாரிய' என்ற வடசொல்லின் வழி வந்தவை என்று சொல்பவர்கள் நிறைய. 'ஆசு + இரியர், குற்றத்தை நீக்குபவர்' என்று பள்ளியில் நமக்குச் சொன்னார்கள். அங்கே ஆசு குற்றம், உங்களிடம் ஆசு பற்றுக்கோடு. ஒரே வேருக்கு எதிரெதிரான இரண்டு விளக்கம் வந்தால் எனக்கு இரண்டிலுமே ஐயம் வருகிறது.

இரண்டாவது, அந்தப் பாட்டில் ஊர்திக்கு வலவனே கிடையாது. நற்செயல் முடித்தவர்கள் விண்ணுலகம் போகும் ஊர்தி அது. ஆளில்லா விமானத்துக்கு அந்தத் தொடரைப் பலர் எடுத்துக்கொண்டதும் அதனால்தான். ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற, அதுவும் இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டுகிற விமானத்துக்கு அங்கிருந்து சொல் எடுப்பது பொருந்தவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். படிக்கப்போவது பதினாறு வயதுப் பிள்ளை. அது நாளைக்கு விண்ணப்பம் போடும்போது அங்கே 'ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்' என்றுதான் இருக்கும். நாம் போடும் சொல் அந்த வேலையின் முகத்தைக் காட்டினால் போதும், அடையாள அட்டையாக இருக்க வேண்டியதில்லை. 'விமானப் பயிற்றுநர்' என்று போட்டுவிட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் ஒலிபெயர்ப்பையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

———

ஐயாமார்களே, அம்மா,

குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்தப் பேச்சைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. விமானப்படையில் விங் கமாண்டராக இருந்தவன், பாதிக் காலம் இந்த வேலையைத்தான் செய்தேன்.

முதலில் 'விமானப் பயிற்றுநர்' வேண்டாம். எங்கள் பேச்சில் 'ட்ரெய்னர்' என்றால் ஆள் இல்லை, விமானம். பயிற்சி விமானத்தைத்தான் அப்படிச் சொல்வோம். என்ஜின் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறவரும் விமானத்தைப் பற்றித்தானே பயிற்றுகிறார்? எங்கள் ஆள் கற்றுத்தருவது விமானத்தை இல்லை, பறப்பதை. சொல்லில் 'பற' எங்காவது இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு நேராக யாரும் வர முடியாது. முதலில் படைப்பிரிவில் விமானியாகப் பறந்திருக்க வேண்டும். குறித்த அளவு பறந்த மணிநேரம், மேகத்துக்குள்ளே கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, உடல் தகுதி, மேலதிகாரியின் பரிந்துரை இத்தனையும் ஆன பிறகு தனிப் பள்ளி. பிரிட்டனில் மத்தியப் பறத்தல் பள்ளி 1912இல் அப்பேவனில் தொடங்கியது. நம் நாட்டில் பறத்தல் பயிற்றுநர்களுக்கென்றே ஒரு பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது.

பறக்கத் தெரிந்தவனுக்கு அங்கே என்ன சொல்லித்தருவார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம். பழகிய இருக்கையை விட்டு மற்ற இருக்கையிலிருந்து ஓட்டுவது. அருகருகே அமரும் விமானத்தில் பெரும்பாலும் வலப்பக்கம், முன்பின்னாக அமரும் விமானத்தில் பின்னால். அப்புறம், ஓட்டிக்கொண்டே பேசுவது. கை அசைகிற அதே நொடியில் அந்த அசைவுக்கான சொல் வாயிலிருந்து வர வேண்டும். சொல் முந்தினாலும் பிந்தினாலும் மாணவன் கண்ணால் பார்ப்பது ஒன்று, காதால் கேட்பது வேறு என்று ஆகிவிடும். இதற்காகவே பயிற்றுநராகப் போகிற இருவர் சேர்ந்து பறப்பார்கள். ஒருவர் மாணவனாக நடிப்பார், மற்றவர் சொல்லித்தருவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். பள்ளியை விட்டு வந்தால் முடிந்ததா என்றால் இல்லை. பிரிட்டனில் பி2, பி1, ஏ2, ஏ1 என்று படிப்படியாகத் தரம் உண்டு. அதைத் தக்கவைக்கவும் மறுபடி மறுபடி சோதனை.

இதற்கெல்லாம் வழி போட்டவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1917இல் கோஸ்போர்ட்டில். அதுவரை ஆபத்தான நிலைகளில் மாட்டாமல் இருக்கத்தான் மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் இரட்டைக் கட்டுப்பாடுள்ள ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவனை வேண்டுமென்றே சுழல்வீழ்ச்சிக்குள் கொண்டுபோய், வெளியே வரக் கற்பித்தார். என்ஜின் இரைச்சலில் பேச ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாய் வந்த பிறகுதான் விமானத்துக்குள் ஆசிரியர் என்ற ஒருவர் உண்மையில் பேச ஆரம்பித்தார்.

பொறுப்புகளில் பாதி தரையில் நடப்பவை. பறக்கும் முன் பாடம், வானிலை, எரிபொருள். இறங்கிய பின் உட்கார்ந்து பேசி மதிப்பெண் எழுத வேண்டும். இவன் தனியாகப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவதும் அவர்தான், இவனுக்கு இது வராது என்று எழுதுவதும் அவர்தான். இரண்டாவதை எழுதிய இரவுகளில் நான் தூங்கியதில்லை.

அம்மா எழுதிய அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தரையிறங்குகிறோம். பையன் ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே மூக்கைத் தூக்கிவிட்டான். வேகம் குறைகிறது. என் கை ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் பிடியைத் தொடவில்லை, நான்கு விரல்கடை தள்ளி நிற்கிறது. தொட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும், அதோடு அவன் ஓட்டுவதை நிறுத்திவிடுவான். இப்போது வாயால் சொல்வதா, விசையைக் கூட்டுவதா, வாங்கிக்கொள்வதா? சீக்கிரம் வாங்கினால் அவன் கடைசிவரை கற்கமாட்டான். தாமதமானால் விமானம் தரையில் மோதும். வாங்குவதென்று முடிவானால் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' என்பேன். அவன் கையை எடுத்துவிட்டு 'யூ ஹேவ் கண்ட்ரோல்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் பிடித்திருக்கிற ஒரு நொடியும் கூடாது, இருவரும் விட்டுவிட்ட ஒரு நொடியும் கூடாது.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். இருவர் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கட்டும். பயிற்றுநர் என்று வைத்தால் எதிரில் 'பயிலுநர்' வைக்காதீர்கள், கேட்கும்போது இரண்டும் கலக்கிறது. 'மாணவ விமானி' என்று வையுங்கள்.

———

விங் கமாண்டர் ஐயா,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். நன்னூல் ஆசிரியரின் இலக்கணம் சொல்லும்போது நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கை உவமை காட்டுகிறது. நீங்கள் மதிப்பெண் எழுதும் இடம் நிறைகோல். கையை நான்கு விரல்கடை தள்ளி வைத்துக் காத்திருக்கும் இடம் நிலத்தின் பொறை. ஐம்பது ஆண்டாக அந்த நூற்பாவைப் பாடம் சொல்கிறேன், இப்படி ஓர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வலவாசானை இன்னும் நான் விடவில்லை. நீங்களே சொன்னீர்கள், பயிற்றுபவர் வலப்பக்கம் அமர்கிறார் என்று. வலவன் என்பதில் வலம் இருக்கிறது அல்லவா?

அது நிற்க. பயிற்றுநருக்கும் ஒரு சான்று தருகிறேன். முல்லைப்பாட்டில் பாசறை. யானை கவளம் உண்ண மறுக்கிறது. இளைஞர்கள் 'கவைமுட் கருவியின் வடமொழி பயிற்றி' அதை உண்ணவைக்கிறார்கள். படைமுகாம், ஊர்தி விலங்கு, பயிற்று என்னும் வினை, மூன்றும் ஒரே இடத்தில்.

———

ஐயா, ஒரு சிறு திருத்தம், மாணவியாகச் சொல்கிறேன். அங்கே 'பயிற்றி' என்பது கற்பித்து என்ற பொருளில் வரவில்லை. பலமுறை திரும்பத் திரும்பச் சொல்லி என்றுதான் பொருள். வடமொழிச் சொற்களையே சொல்லிச் சொல்லி ஊட்டுகிறார்கள். வலவனிலும் 'வலம்' பக்கத்தைக் குறிப்பதாக எடுக்க வேண்டியதில்லை, 'வல்' என்னும் திறமையே போதும்.

தனித்தமிழ்ப் பேச்சுக்கும் இந்த அடி ஒரு பதில் என்று நினைக்கிறேன். பாசறையில் யானையிடம் பேசிய மொழி வேறு, அதைப் பாடிய மொழி தமிழ். விமானத்துக்குள் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' அப்படியே இருக்கட்டும். அதைச் சொல்பவருக்கு நாம் வைக்கும் பெயர் தமிழாக இருந்தால் போதும்.

———

தங்கச்சி, திருத்தம் என்கிறாய், எனக்கு அதுதான் சரியான பொருளாகப் படுகிறது. கற்பிப்பது என்று பொதுவாகச் சொல்வதைவிடத் திரும்பத் திரும்பச் சொல்வது எங்கள் வேலைக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஒரே தரையிறக்கத்தை, ஒரே சொற்களில், ஒரே குரலில், நாற்பதாவது மாணவனுக்கும் முதல் மாணவனுக்குச் சொன்னது போலச் சொல்ல வேண்டும். பயிற்றுநர் என்றே வையுங்கள்.

———

அனைவருக்கும் நன்றி.

முன்னால் எதைப் போடுவது என்பதில் மட்டும் நேற்று இரவு வரை இழுபறி. 'பறத்தல் பயிற்றுநர்' என்றார் ஒருவர், 'வான்பயிற்றுநர்' என்றார் இன்னொருவர். வான்பயிற்றுநர் சுருக்கம்தான், ஆனால் வானிலை கற்பிப்பவர் போலத் தோன்றுகிறது. 'பறப்புப் பயிற்றுநர்' என்று வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பார்த்தேன், நடுவில் பகரம் நான்கு மோதுகிறது. 'பறத்தல் பயிற்றுநர்' தடங்கல் இல்லாமல் வருகிறது. ஏழு பேர் அதற்குச் சரி என்றார்கள், நான்கு பேர் பறப்புக்கு, ஒருவர் வலவாசானுக்கு.

வாக்கியம் இப்படிப் போகிறது: "மாணவ விமானி தவறு செய்தால், எப்போது சொல்லால் திருத்துவது, எப்போது விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது என்பதைப் பறத்தல் பயிற்றுநர் முடிவு செய்ய வேண்டும்." மூலத்தில் 'உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்' என்றுதான் இருந்தது. பதிப்பாசிரியரிடம் விங் கமாண்டர் ஐயாவின் மடலைக் காட்டினேன். மாற்ற ஒப்புக்கொண்டார்.

———

அம்மா, வாக்கியம் நன்று. ஆனால் 'பறத்தல் பயிற்றுநர்' என்பதில் பறப்பது பயிற்றுநரா, பயிற்றப்படுவது பறத்தலா என்று கேட்டால் வேற்றுமைத்தொகையை விரித்துத்தான் விடை சொல்ல வேண்டும். பறத்தலைப் பயிற்றும் பயிற்றுநர் என்று இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்கிறீர்கள் என்றால் லகரம் திரியாததற்குக் காரணம் கேட்பார்கள். லகர ஈற்றின் முன் பகரம் வந்தால் றகரமாகத் திரிய வேண்டும், 'பறத்தற்பயிற்றுநர்' என்றுதான் முறைப்படி எழுத வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். என் வாக்கு வலவாசானுக்கே இருக்கட்டும்.