லோடில் வேகம் விழும் ரம்பம்: ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். மின் வட்ட ரம்பத்தின் பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அட்டவணையில் மூன்று கட்டங்கள் நிரம்பவில்லை. ஒன்று, மரத்தில் பல் இறங்கியதும் வேகம் சற்றே குறைவது, இது இயல்பு. இரண்டு, வேகம் பாதி அளவுக்கும் கீழே படுத்து, நிற்காமல் முனகிக்கொண்டே ஓடுவது. மூன்று, சுவிட்ச் போட்டிருக்கும்போதே அலகு (பல் வட்டு) நின்றுபோவது. பழைய பதிப்பு மூன்றையும் ‘வேகக் குறைவு’ என்று முடித்துவிட்டது. அதை நம்பினால் ஒவ்வொரு முறையும் கார்பனை (மோட்டாரில் உரசி மின்சாரம் கடத்தும் கட்டையை) மாற்றுவார்கள், பழுதோ திரும்பித் திரும்பி வரும். கட்டத்தில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. இரண்டாவதற்குத்தான் அவசரம்.

இலக்கணத்தார்:
முதலில் ‘ரம்பம்’ என்பதை நீக்குங்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது. அரத்திலிருந்து அரம்பம் என்று எழுதலாம். அதனினும் நல்லது ஈர்வாள். ‘உயிர் ஈரும் வாள்’ என்று குறள் (334) சொல்வதில் ஈர்தல் அறுத்தலே. இலங்கையில் இன்றும் மரம் அறுப்பது வாள்தான்.
கேட்ட சொல்லுக்கு: ‘சுணக்கம்’. சுருக்கம், எளிமை, தமிழ்.

காயில் கட்டுபவர்:
ஐயா, சுணக்கம்னா வேலை தாமதமாகுதுன்னு அர்த்தம். மெஷினைக் கொண்டு வர்றவங்க எல்லாரும் சொல்றது ‘திணறுது’. சில பேர் ‘இழுக்கல’ம்பாங்க. கட்டத்துல ‘திணறல்’னு போடுங்க, வேலை முடிஞ்சுது.

இலக்கணத்தார்:
சுணங்கு என்பது சங்கப் பாடல்களில் மகளிர் மேனியில் படரும் தேமல். அங்கிருந்து தளர்ச்சிக்கும் தாமதத்துக்கும் வந்த வழியை ஆராய்ந்தால்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை.

தொழிற்பயிற்சி ஆசிரியை:
திணறலில் எனக்கொரு தயக்கம். மாணவர்களுக்கு அது மூச்சுத்திணறல். மோட்டாருக்கு ஏது மூச்சு? ‘பளுத்தளர்வு’ என்றால் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்: பளுவால் வந்த தளர்வு.

காயில் கட்டுபவர்:
மூச்சு இருக்கும்மா. விசிறி ஆர்மேச்சர், அதான் மோட்டார்ல சுத்துற பாகம், அதோட தண்டுலயேதான் உட்கார்ந்திருக்கு. வேகம் விழுந்தா காத்து குறையும். அதே நேரம் கரண்ட் ஏறும். சூடு கூடுற நேரத்துல குளிர்ச்சி போயிடுது. காத்துத் துளையில மரத்தூள் அடைச்சிருந்தா இன்னும் மோசம். அப்படியே ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சு அறுத்தா காயில் கம்பி மேல இருக்கிற வார்னிஷ் கருகும், கம்பிச் சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அதுக்கப்புறம் எத்தனை ஜோடி கார்பன் போட்டாலும் தின்னுடும். மூச்சுத்திணறல்தான் சரியான பேரு.
பளுத்தளர்வு வேண்டாம். பளு ஏறினா இந்த மாதிரி கார்பன் வச்ச சீரீஸ் மோட்டார் வேகம் குறையத்தான் செய்யும், அது அதோட குணம். நல்ல மெஷினையும் பழுதுன்னு கொண்டு வந்துடுவாங்க.

தொழிற்பயிற்சி ஆசிரியை:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பளுத்தளர்வை முதல் கட்டத்துக்கு, அந்த இயல்பான குறைவுக்கு, வைக்கலாமே. மேசை ரம்பத்தில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டாரிலும் இது உண்டு: ஒத்தியங்கு வேகம் (காந்தப்புலம் சுழலும் வேகம்) நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் முழுப் பளுவில் 1440 அளவில் ஓடும். அந்த வித்தியாசத்தை வகுப்பில் ‘நழுவல்’ என்கிறோம்.

இன்னொருவர்:
நழுவல் என்று கையேட்டில் போட்டுவிடாதீர்கள். பெல்ட் நழுவுவதும் நழுவல்தான். மேசை ரம்பத்தில் பாதிக் குழப்பம் இதில்தான். மோட்டாரின் ஒலி மாறாமல் அலகு மட்டும் மெதுவானால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது அலகை இறுக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது. ஒலியும் சேர்ந்து தாழ்ந்தால் திணறல். காதால் பிரித்துவிடலாம், சொல் இரண்டாக இருந்தால்.

இலக்கணத்தார்:
திணறலை ஏற்க எனக்கும் ஒரு வழி தெரிகிறது. திண் என்னும் அடியிலிருந்து திணி, திணிவு, திண்மை. திணறுதலும் அக்குடும்பமே என்பது என் துணிபு. அறுப்பு வாயில் தூள் திணிந்தால் வாள் திணறும்! சொல்லே காரணத்தைக் காட்டுகிறது.

காயில் கட்டுபவர்:
வேர்ச்சொல் எனக்குத் தெரியாது ஐயா, ஆனா விஷயம் சரி. 60 பல் அலகு குறுக்க அறுக்கிறதுக்கு. அதைப் போட்டு நெடுக்க அறுத்தா பல்லிடுக்குல தூள் நிறைஞ்சு வெளியேறாது. நெடுக்க அறுக்க 24 பல் போதும். பிசின் ஒட்டின அலகும் இதே கதைதான், கழுவினாலே பாதி வேகம் திரும்பிடும்.
மெஷினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இன்னும் ரெண்டு. அறுத்த வாய் பின்னாடி மூடிக்கிட்டு அலகைக் கவ்வுதான்னு பாருங்க. அப்புறம் எக்ஸ்டென்ஷன் வயர். 0.75 சதுர மி.மீ. வயர் 30 மீட்டர், 7 ஆம்பியர் இழுத்தா வயர்லயே 11 வோல்ட் போல போயிடும். 2.5 வயர்னா 3 வோல்ட்தான்.

மொழிபெயர்ப்பாளர்:
இதை அப்படியே ‘காரணம்’ பத்தியில் சேர்த்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப வரும் பழுதுக்கு என்ன எழுதலாம்?

காயில் கட்டுபவர்:
பிளக்கைப் பிடுங்கிட்டு கார்பன் மூடியைக் கழட்டணும். தேய்ஞ்சு 5, 6 மி.மீ.க்கு வந்திருந்தா ரெண்டையும் ஜோடியா மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது. ஸ்பிரிங் வெந்து தளர்ந்திருக்கான்னு பாக்கணும். புதுசு போட்டதும் பத்து நிமிஷம் லோடு இல்லாம ஓட விடணும், அப்பதான் கார்பனோட முகம் படியும்.
அதுக்கப்புறமும் சீக்கிரமே தீர்ந்தா குத்தம் கார்பன்ல இல்ல. கம்யூட்டேட்டரை, அதான் கார்பன் உரசுற செம்புப் பட்டை வளையத்தை, பாருங்க. சீரா பழுப்பா இருந்தா நல்லது. ஒண்ணு ரெண்டு பட்டை மட்டும் கருப்புன்னா அந்த காயில் போச்சு. பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மைக்கா செம்புக்கு மேல துருத்தினா கார்பன் குதிச்சுக் குதிச்சுத் தேயும். லேத்துல உருட்டி மைக்காவைத் தாழ்த்தணும். எமரி தாள் போடாதீங்க, அந்தத் துகள் பட்டை இடுக்குல தங்கிடும். வட்டம் முழுக்க நெருப்பு சுத்துச்சுன்னா சுத்துகள் ஒட்டியிருக்கு, குரௌலர்ல (ஆர்மேச்சரைச் சோதிக்கிற கருவி) வச்சுப் பார்த்துட்டு ஆர்மேச்சரையே மாத்தணும். பேரிங் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்க, அது ஆடினா மத்ததெல்லாம் வீண் வேலை.

தொழிற்பயிற்சி ஆசிரியை:
மூன்றாவதற்கு ‘முடக்கம்’ சரியா?

இன்னொருவர்:
கணக்கு முடக்கம், ஊதிய முடக்கம் என்று வேறு துறைகளில் ஓடுகிறது. ‘நின்றுபோதல்’ நீளமா?

மொழிபெயர்ப்பாளர்:
கட்டத்தில் அடங்குகிறது. இப்போதைக்கு: பளுத்தளர்வு, திணறல், நின்றுபோதல். மறுப்பு உள்ளவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

இலக்கணத்தார்:
திணறலுக்கு மறுப்பில்லை. ரம்பத்துக்கு என் மறுப்பு நிற்கிறது. அட்டையிலாவது ‘ஈர்வாள்’ என்று அடைப்புக்குறியில் போடலாம்.

காயில் கட்டுபவர்:
வாள்னு போட்டா கத்தி விக்கிறவங்கன்னு நினைச்சுக்குவாங்க ஐயா.

இலக்கணத்தார்:
பழகினால் நினைக்கமாட்டார்கள். இலங்கைக்காரர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் வாய் திறக்கவும்.