சிவக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை: எங்கள் பிள்ளைகளின் கண்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா:

என் மகளுக்கு நாலு வயதில் முழங்கால் வீங்கியது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். சிறார் மூட்டுவாதம் என்று தெரியவே ஐந்து மாதம் ஆனது. இந்த நோய் கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கலாம், கண்ணையும் காட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கண் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு நாள் கண்ணாமூச்சியில் அவள் வலது கண்ணைப் பொத்தினேன். "அம்மா, கையை எடு, ஒண்ணும் தெரியல" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

மதுரையில் ஸ்லிட் லேம்ப் (கண்ணுக்குள் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) வைத்துப் பார்த்தார்கள். யூவியைட்டிஸ், கண்ணுக்குள் அழற்சி. இடது கண்ணின் பாவை லென்ஸோடு ஒட்டியிருந்தது. பார்வை 6/36. அதாவது, நல்ல கண் 36 மீட்டரில் படிப்பதை அந்தக் கண்ணால் 6 மீட்டரில்தான் படிக்க முடியும்.

மணிக்கொரு தடவை ஸ்டீராய்டு சொட்டு. (பாட்டிலை நன்றாகக் குலுக்கிப் போடுங்கள், மருந்து அடியில் தங்கிவிடும்.) சொட்டைக் குறைத்தால் அழற்சி திரும்பியது, குறைக்காவிட்டால் கண் அழுத்தம் ஏறியது. அதனால் வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட், உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி அழற்சியைக் குறைக்கும் மாத்திரை. புற்றுநோய் மருந்தா என்று மாமியார் அழுதார். இதற்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஞாயிறு காலை மாத்திரையைப் பார்த்தாலே வாந்தி வந்தது; சனி இரவுக்கு மாற்றினோம். அதுவும் போதாமல், காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி, அதுவும் அழற்சியை அடக்குவதற்குத்தான்.

இப்போது ஏழு வயது. ஒன்றரை வருடமாகக் கண்ணுக்குள் அழற்சியைக் காட்டும் செல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பார்வை 6/18-லேயே நின்றது. அழற்சி போனால் பார்வை தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே பழகவில்லையாம். நல்ல கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் ஒட்டி மூடினோம். எத்தனை அழுகை! போன மாதம் 6/9.

இரண்டு கண்ணும் பாதிக்கப்பட்ட ஒரு பையனின் அப்பா:

எங்களுக்குத் தெரியவரும்போதே கண்புரையும் வந்துவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்யவில்லை. அழற்சி மூன்று மாதமாவது முழுதாக அடங்கட்டும் என்றார்கள். ஊசிச் செலவுக்குத் தயங்கியபோது, 2017-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வை டாக்டர் காட்டினார். 90 குழந்தைகள். மெத்தோட்ரெக்சேட் மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. ஊசியும் சேர்ந்தவர்களில் அது 27 சதவீதம்தான். அப்புறம் யோசிக்கவில்லை. இன்று ஒரு கண் 6/12, மற்றது 6/24. முதல் பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் படிக்கிறான்.

சிறு வயதில் இதே நோய் வந்த ஒருவர்:

எனக்கு வந்தது 1999-இல். அப்போது இந்த ஊசி கிடையாது, வருடக்கணக்கில் சொட்டு மட்டும்தான். கண் அழுத்த நோயில் வலது கண் போனது, வெளிச்சம் மட்டும் தெரியும். இடது கண்ணை வைத்துத்தான் பி.காம். முடித்தேன். அக்கா, மருந்தை நிறுத்தினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்லிட் லேம்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றிருந்தபோது, 14 வயதில் எனக்குத் திரும்பவும் வந்தது. அப்போதும் வலிக்கவில்லை.