டீம் தோத்தா கோபமே வரமாட்டேங்குது. யாருக்காவது இப்படி ஆகி சரியாச்சா?

நோர்வூட்காரன் | 2024 ஜூலை 15

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வூட் பக்கம், வயசு 41. கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கங்க.

போன மாசம் டி20 வேல்ட் கப்ல, நியூயோர்க்ல தென்னாபிரிக்காகூட நம்ம இலங்கை கிரிக்கட் டீம் 77க்கு எல்லாரும் அவுட். நான் கடைய சாத்துற நேரம், கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைப் பையன் போன்ல பாத்துட்டுச் சொன்னான். "அப்படியா"ன்னுட்டு சில்லறைய எண்ணி முடிச்சேன். வீட்டுக்குப் போய் ரொட்டி சாப்பிடுறப்பதான் உறைச்சுது, என்னாடா இது, நமக்கு ஒண்ணுமே தோணலையேன்னு.

இதே ஆள் 1996 மார்ச் 17ஆந் தேதி, வேல்ட் கப் ஃபைனல் அன்னைக்கு, எப்படி இருந்தேன்னு சொல்றேன். எனக்கு அப்ப பன்னிரண்டு பதின்மூணு வயசு. எங்க தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீடுகள்ல, கரண்ட் கிடையாது. மேல் லயத்து மாமா ஒருத்தர்கிட்ட கறுப்பு வெள்ளை டிவி, அதுக்கு லொறி பேட்டரி. டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணி, சாக்குல கட்டி, ரெண்டு பேர் கம்புல தொங்கவிட்டு மலையேத்துவாங்க. ஃபைனலுக்காக அந்த வாரம் பூரா யாருக்கும் டிவி கிடையாதுன்னு மாமா சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை, காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டு இல்ல. ஒரு காம்பரா அறைக்குள்ள எத்தனை பேர்னு எண்ணல, ஆனா இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் ஆள். எங்க அப்பாயி வாசப்படியில உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு, "வெள்ளைக்காரன் இன்னும் நிக்கிறானா?"ன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கேக்கும்.

அவுஸ்திரேலியா 241. முதல்ல ஆட வந்த நம்ம சனத்தும் களுவும் 23 ரன்னுக்குள்ள அவுட் ஆகிப் போயிட்டாங்க. பிறகு அரவிந்த வந்து நின்னாரு. அவரு எழுபது எண்பதுக்கு வந்தப்ப பேட்டரி இறங்க ஆரம்பிச்சுது. பழைய டிவி வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், படம் நாலு பக்கமும் சுருங்கிக்கிட்டே வரும். அரவிந்த தீப்பெட்டி அளவு ஆனாரு, பிறகு படமே போச்சு. மாமா ரேடியோவைத் தூக்கிட்டு வந்தாரு. சிங்கள கமெண்ட்ரி. பாதிப் பேருக்கு சிங்களம் சரியா விளங்காது, ஆனா கத்துற சத்தத்துலயே கணக்குப் போட்டோம். கெப்டன் அர்ஜுன தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்ட கடைசி நாலு ரன்னை நான் கண்ணால பாத்தது எவ்வளவோ நாளைக்குப் பிறகுதான். அன்னைக்கு ராத்திரி தப்புப் பறை எடுத்து அடிச்சுக்கிட்டு டிவிஷனே ரோட்டுக்கு இறங்கிருச்சு. மறுநாள் பாதிப் பேர் வேலைக்குப் போகல. அதுக்கு யாருக்குப் பேர் வெட்டி சம்பளத்தைக் குறைச்சாங்க, யாருக்கு வெட்டலங்கிறது வேற கதை.

அப்புறம் சுழல்பந்து போட்ட முரளி. அதைப் பத்தி மலையகத்துக்காரங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல. தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரு, பேரன் உலகத்தையே சுழட்டி எடுத்தாரு. 1995ல மெல்பர்ன்ல, கையை மடக்கி எறியுறாருன்னு அம்பயர் ஏழு தடவை நோ போல் கொடுத்தப்ப எங்க லயத்துல கையை நீட்டி மடக்கிக் காட்டாத ஆளே இல்ல. "பிறவியிலயே மடங்கின கைடா அது"ன்னு ஆளுக்கு ஆள் டாக்டர். 2007 டிசம்பர் 3ஆந் தேதி அவரு ஷேன் வார்னோட 708 டெஸ்ட் விக்கட்டைத் தாண்டினது நம்ம கண்டி அஸ்கிரியவுல. நான் அப்ப கண்டியில ஒரு ஹாட்வெயார் கடையில வேலை. வயித்துவலின்னு பொய் சொல்லிட்டுப் போனேன். இங்கிலாந்து கொலிங்வூட் போல்ட். நான் இருந்த இடத்துல இருந்து ஸ்டம்ப் விழுந்தது தெரியல, முரளி கையத் தூக்கினது தெரிஞ்சுது, போதும். திரும்பி வந்தா முதலாளியும் கிரவுண்ட்லதான் இருந்திருக்காரு.

இதுக்கு நடுவுல 2007, 2009, 2011, 2012ன்னு நாலு வேல்ட் கப் ஃபைனல் தோத்தோம். நாலுக்கும் சாப்பிடாம படுத்திருக்கேன். 2014ல டாக்காவுல டி20 வேல்ட் கப் ஜெயிச்சோம், சந்தோசம். சங்காவும் மஹேலவும் ரிட்டையர் ஆகிப் போனாங்க. எங்கேயோ அங்கதான் நூல் அறுந்திருக்கணும், ஆனா எந்த மேட்ச்னு சொல்லத் தெரியல. சிம்பாப்வே 2017ல இங்கயே வந்து தொடரை ஜெயிச்சிட்டுப் போனப்ப திட்டினேன், அது ஞாபகம் இருக்கு. போன வருசம் ஏசியா கப் ஃபைனல்ல 50க்கு சுருண்டோம், வேல்ட் கப்ல மும்பையில 55. ரெண்டுக்கும் கோபம் வரல. கிரிக்கட் போர்ட், அமைச்சர், ஐசிசி தடைன்னு ஒரே கூத்து. அதையும் யார் வீட்டுச் சண்டையோ மாதிரி பாத்தேன்.

தோத்ததால விட்டேன்னு நினைக்காதீங்க. சின்ன வயசுல தோக்குற டீமைத்தான் பாத்து வளந்தேன். கோபம் வராததுதான் யோசனையா இருக்கு. யாருக்காவது இப்படி விட்டுப்போய், பிறகு திரும்ப ஒட்டியிருக்கா? எப்படி?

---

கொழுந்துக்கூடை | 2024 ஜூலை 15

தோட்டத்துல நாளைக்கு 1700 ரூபா சம்பளம்னு மே தினத்துல கொட்டகலையில மேடை போட்டுச் சொன்னாங்க, இன்னும் கைக்கு வரல. உங்களுக்கு கிரிக்கட்ல கோபம் வரலன்னு கவலை. நல்லா இருங்க.

(96 ஃபைனல் நானும் பேட்டரி டிவியிலதான் பாத்தேன். பொகவந்தலாவ. எங்களுக்குக் கடைசி வரைக்கும் தாங்குச்சு.)

---

பூனாகலை டு ஸ்காபரோ | 2024 ஜூலை 17

தம்பி, நான் பண்டாரவளை பூனாகலைப் பக்கம் பிறந்தவன், கனடாவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல. இங்க டொரொண்டோவுல கிரிக்கட்டை விட பேஸ்போல்தான் பெருசு. ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன், உங்களுக்கு உதவுமோ தெரியாது.

நான் வேலை செய்த கிடங்குல ஒரு வயசான போர்த்துக்கீசக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். இங்க உள்ள டீம் பேரு புளூ ஜேஸ். 1992லயும் 1993லயும் அவங்கதான் சாம்பியன். 93ல ஜோ கார்ட்டர்னு ஒருத்தர் கடைசி அடியா ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சு முடிச்சாரு. நம்ம ஆளுங்களுக்கு 96 மாதிரி இவங்களுக்கு அது. நம்ம கிழவர் அன்னைக்கு கிரவுண்ட்ல இருந்தாராம். அடுத்த வருசம் ஆகஸ்ட்ல ஆட்டக்காரங்களுக்கும் முதலாளிமாருக்கும் சம்பளத்துல தகராறு, ஸ்ட்ரைக். ஃபைனலே நடக்கல. 1904க்குப் பிறகு உலகத் தொடர் நடக்காத ஒரே வருசம் அது. கிழவருக்கு வெறுத்துப்போச்சு. "ரெண்டு பக்கமும் லட்சாதிபதிங்க, இடையில நான் யாரு?"ன்னு தொப்பியைக் குப்பையில போட்டுட்டாரு. தோட்டத்து ஸ்ட்ரைக்கைப் பாத்து வளந்தவன் நான், லட்சாதிபதி ஸ்ட்ரைக் பண்றது எனக்கு அப்ப விளங்கவே இல்ல.

பதினஞ்சு வருசத்துக்கு மேல அவரு பாக்கல. பிறகு திரும்ப எப்படி வந்தாருன்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க. ராத்திரி ஷிஃப்ட்ல கிடங்கு ரேடியோவுல ஒரே ஒரு ஸ்டேஷன்தான் தெளிவா எடுக்கும். அதுல பேஸ்போல் ஓடும். 2010 மட்டுக்கு அது. டீம் அவங்க டிவிஷன்ல நாலாவது இடம், யாரும் சீண்டாத காலம். வேற வழியில்லாம கேட்டு கேட்டு, ஒருநாள் பாத்தா மனுசன் பந்து போடுற பிட்ச்சர் பேரை எல்லாம் சொல்லித் திட்டிக்கிட்டு இருக்காரு.

2015ல 22 வருசத்துக்குப் பிறகு புளூ ஜேஸ் பிளேஓஃப் போச்சு. டெக்சஸ்கூட மேட்ச்ல பவுடிஸ்டா ஹோம் ரன் அடிச்சிட்டு மட்டையத் தூக்கி வீசினாரு பாருங்க, ஊரே ஆடிச்சு. கிழவர் மட்டும், "மட்டைய எதுக்கு வீசுறான் மரியாதை கெட்ட பய"ன்னு திட்டினாரு. திட்டிக்கிட்டே இருந்தாரு, முகத்தைப் பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

ஜெயிக்கிற டீமைத் தேடாதீங்க. பக்கத்துல ரேடியோவைப் போட்டு வைங்க, அவ்வளவுதான்.

---

மாத்தளை டீச்சர் | 2024 ஜூலை 29

அண்ணே, ரெண்டு கிழமை கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும், ஸ்கூல்ல தவணைப் பரீட்சை. உங்க பட்டியலை வாசிச்சேன். அரவிந்த, அர்ஜுன, முரளி, சங்கா, மஹேல. எல்லாமே ஆம்பளைங்க. டீம்ங்கிறது அது மட்டுந்தானா?

நேத்து தம்புள்ளையில மகளிர் ஏசியா கப் ஃபைனல். எங்க ஊர்ல இருந்து பக்கம்தானே, நானும் தங்கச்சியும் போனோம். இந்தியா 165. இதுக்கு முந்தி நம்ம பொண்ணுங்க இந்த ஃபைனல்ல ஒருக்காலும் ஜெயிச்சதே இல்ல, அதனால நான் பேசாம சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நம்ம கெப்டன் சமரி 61 அடிச்சிட்டு அவுட் ஆனதும் பின்னால உக்காந்திருந்த ஐயா, "முடிஞ்சுது, வாங்க போவோம்"னு எழும்பிட்டாரு. அவரை இருக்கச் சொல்லி நான் சத்தம் போட்டேன், முன்னப் பின்னத் தெரியாத மனுசனை. ஹர்ஷிதா 69, கடைசி வரைக்கும் அவுட் இல்ல. எட்டு விக்கட்டால ஜெயிச்சோம். அந்த ஐயா கடைசியில எனக்கு ஒரு பாக்கட் மிக்ஸர் வாங்கிக் குடுத்தாரு.

அதே நாள் ராத்திரி கண்டிப் பக்கம் பல்லேகலையில ஆம்பளைங்க இந்தியாகிட்ட தோத்தாங்க, அதையும் சொல்லிடுறேன். நாளைக்கு மூணாவது டி20 இருக்கு. தொடர் ஏற்கனவே போயிருச்சு, கூட்டம் அவ்வளவா இருக்காது. கண்டி உங்களுக்கு என்ன சந்திர மண்டலமா? போய்ப் பாருங்களேன்.

---

நோர்வூட்காரன் | 2024 ஜூலை 31

டீச்சர், உங்க பேச்சைக் கேட்டு நேத்து போனேன். குரலே போயிருச்சு. அதனால கடையைப் பையன் பாக்குறான், நான் இதை எழுதுறேன்.

கடைப் பையனையும் கூட்டிக்கிட்டு மத்தியானம் பஸ் ஏறினோம். நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, அங்க இருந்து குண்டசாலை பஸ். முரளி குடும்பத்து பிஸ்கட் கம்பனி இந்தப் பக்கந்தான்டான்னு பையனுக்குக் காட்டினேன், அவன் போன்ல இருந்து தலையத் தூக்கல. அவனுக்கு 19 வயசு, பத்திரன பந்து போடுறதைத்தான் பாக்கணும். பல்லேகலை புல்மேட்டுல இடம் கிடைச்சுது. பின்னால மலைப் பக்கம் மேகம், கையில கடலை. சும்மா காத்து வாங்க வந்த மாதிரிதான் உக்காந்தேன்.

இந்தத் தொடர்ல முதல் மேட்ச்ல 140க்கு ஒரு விக்கட்னு நின்னவங்க 170க்கு எல்லாரும் அவுட், இது முந்தியே தெரியும். அதனால எந்த ஆசையும் வச்சுக்கல. இந்தியா 137தான் அடிச்சுது. நம்மாளுங்க ஆட வந்து 110க்கு ஒரு விக்கட். குசல் மெண்டிஸ், குசல் பெரேரா ரெண்டு பேரும் நிக்கிறாங்க. பையன், "அண்ணே, பஸ்ஸைப் பிடிப்போமா, இது முடிஞ்ச கதை"ன்னான். நானும் செருப்பைத் தேட ஆரம்பிச்சேன்.

12 பந்துல 9 ரன் வேணும். ஆறு விக்கட் கையில. பந்து போட வந்தது யாருன்னு பாத்தா ரிங்கு சிங். அந்த மனுசன் இந்தியாவுக்கு ஒரு டி20யிலயும் அதுவரைக்கும் பந்தே போட்டதில்ல! அவரு ரெண்டு விக்கட் எடுத்தாரு. கடைசி ஓவர், 6 ரன், கெப்டன் சூர்யகுமார் யாதவே பந்தை வாங்கிக்கிட்டாரு. அவரும் போடத் தெரியாத ஆள்தான். அவரும் ரெண்டு விக்கட். மேட்ச் டை.

அந்த இடத்துலதான் நான் எழும்பினேன். எழும்பினதே எனக்குத் தெரியாது. "ஏண்டா, ஒத்தை ஒத்தையா தட்டி ஓடத் தெரியாதா? எதுக்குடா தூக்குற? லயத்துல ரப்பர் போல்ல ஆடுற பொடியன் ஓடுவானேடா!" இன்னும் என்னென்னமோ. டீச்சர் வாசிக்கிற இடத்துல எழுத முடியாது. கடலை எல்லாம் முன்னால இருந்தவங்க தலையில. முன்னால இருந்தவரு திரும்பினாரு, அடிக்கப் போறாருன்னு நினைச்சேன். அவரு சிங்களத்துல நான் சொன்னதையே இன்னும் மோசமாச் சொன்னாரு. டை ஆனா ஆளுக்கு ஒரு ஓவர் ஆடுற சுப்பர் ஓவர்ல நம்மாளுங்க எடுத்தது ரெண்டு ரன். மூணே பந்துல ரெண்டு விக்கட்டும் போச்சு. சூர்யகுமார் முதல் பந்தையே நாலுக்கு அனுப்பிட்டாரு. அவ்வளவுதான்.

ஹட்டன் பக்கம் போற பஸ் அந்த நேரத்துல ஏது? ஹட்டன், டிக்கோயாப் பொடியங்க ஒரு வேன் பிடிச்சிருந்தாங்க, அதுல ஒட்டிக்கிட்டோம். கினிகத்தேனை வர்ற வரைக்கும் ஒரே சண்டை. யாரை எங்க இறக்கணும், ஏன் கமிந்து மெண்டிஸை முந்தி அனுப்பலன்னு. எனக்கு டீம்ல பாதிப் பேர் பேரே தெரியாதுன்னு நினைச்சிருந்தேன், எல்லார் பேரையும் சொல்லித் திட்டியிருக்கேன். வேன்காரரு கடைசியில ரேடியோவைச் சத்தமா வச்சுட்டாரு.

வீட்டுக்கு வந்தப்ப மூணு மணி. எங்க வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துட்டு, "தோத்தாச்சா?"ன்னாங்க. சாப்பாடு வேணாம்னேன். என்னைய ஒரு மாதிரியா பாத்துட்டு, "ஐயோ, பழையபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"ன்னாங்க.

ஸ்காபரோ அண்ணே, உங்க கிழவரை இப்ப எனக்கு விளங்குது.

---

பூனாகலை டு ஸ்காபரோ | 2024 ஜூலை 31

மூணு பந்துல ரெண்டு விக்கட்டா? நான் போன்ல ஸ்கோரைப் பாத்துட்டு ஏதோ பிழையா காட்டுதுன்னு ரெண்டு தரம் அடைச்சுத் திறந்தேன் தம்பி.

---

கொழுந்துக்கூடை | 2024 ஓகஸ்ட் 1

நாளைக்கு கொழும்புல ஒன்டே தொடங்குது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

---

நோர்வூட்காரன் | 2024 ஓகஸ்ட் 1

தெரியும். ரெண்டரைக்கு. கடையில பையன்தான் நிப்பான்.