புதுப்பிப்பு: ஜூலையில் சின்ன காரில் ஐஸ்லாந்து

பத்து நாளில் சின்ன காரில் ஐஸ்லாந்தைச் சுற்ற முடியுமா, ஜீப் எடுத்தே ஆகணுமா என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சின்ன காரே போதும். தீவைச் சுற்றும் 1-ஆம் எண் சாலை சுமார் 1,320 கி.மீ., கிட்டத்தட்ட முழுக்கத் தார்தான். டெட்டிஃபாஸ் அருவிக்கு 864-ஆம் எண் சாலை வேண்டாம், மேற்கே 862-இல் போ என்று ஒருவர் சொன்னது பெரிய உதவி. 864 ஜல்லிச் சாலை, 862 தார்.

ஆனால் எஃப் எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி போகவே கூடாது. அதனால் அப்படிப்பட்ட சாலையில் போக வேண்டிய லேண்ட்மன்னலௌகர் மலைப்பகுதிக்கு மட்டும், இங்கே சொன்னபடி தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து கோடைக்காலப் பேருந்தைப் பிடித்தோம். முகாமுக்குச் சற்று முன்னால் வண்டி ஆற்றுக்குள்ளேயே இறங்கியது, படிக்கட்டு வரை தண்ணீர், ஓட்டுநர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்பாராதது காற்று. கதவைத் திறந்த வேகத்தில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கீல் வளைந்துவிட்டது, வாடகை காப்பீட்டில் அது சேராதாம், சொந்தக் காசுதான். காற்றுக்கு எதிர்முகமாக வண்டியை நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறவுங்கள்.

அப்புறம் யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரிப் பக்கம் ஆர்க்டிக் ஆலாப் பறவைகள் கூடு வைத்திருக்கும், கிட்டே போனால் தலையில் கொத்தும். உயரமாக இருப்பதைத்தான் குறி வைக்கும் என்பதால் கேமரா ஸ்டாண்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே நடந்தேன்.

ஆளில்லாத பெட்ரோல் பங்க்குகளில் பின் (PIN) எண் உள்ள கார்டு வேண்டும்.